வருடா வருடம் புது ஆள்

வருடத்துக்கு ஒருமுறை என் அக்காவுக்கு நான் வேலை சொல்லிக் கொடுக்கிறேன். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, எந்த நிறத் துணியால் எந்த இடத்தைத் துடைக்க வேண்டும், கீழே ஊசி கிடந்தால் என்ன செய்யக் கூடாது, ஈரத் தரையில் மஞ்சள் பலகையை எங்கே வைக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். நான் என் வாழ்நாளில் ஒரு வார்டைக்கூடத் துடைத்ததில்லை. வீட்டில் தண்ணீர் கொட்டினால் மிதியடியைக் காலால் இழுத்து அதன் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற ஆள். அக்காவோ ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து தலை நரைத்துவிட்டவள். ஆனாலும் வருடம் தவறாமல் அவள் போனில் என் குரல் வரும், அவள் கேட்டே ஆக வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓடும். அப்படித்தான் நாங்கள் அமைத்திருக்கிறோம்.

நாங்கள் என்றால் செம்பூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கும் சின்னக் கம்பெனி. வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சிகளை ஆன்லைனில் நடத்தும் மென்பொருளைப் பராமரிக்கிறோம். அதை நாங்கள் எழுதவில்லை. எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் சரக்கு அது. அதை எடுத்து எங்கள் சர்வரில் ஏற்றி, காவலாளி ஏஜென்சிகள், ஓட்டல் சமையலறைகள், துப்புரவு காண்ட்ராக்டர்கள் என்று பலருக்கும் நடத்திக் கொடுக்கிறோம். எங்கள் பெருமையெல்லாம் ஒன்றில்தான் இருக்கிறது. மென்பொருள் ஒன்று, சர்வர் ஒன்று, ஆனால் உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் குடித்தனம். ஒரு கம்பெனியின் ஆட்களும் விவரங்களும் இன்னொரு கம்பெனியின் கண்ணில் படவே படாது.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில் ஒரு சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில். மாடிப்படி பொது, குழாய் பொது, கதவு மட்டும் தனி. முதல்முறை இந்த மென்பொருளைப் பற்றி எனக்கு விளக்கியபோது இதுதானே என்று சட்டென்று பிடிபட்டது. ஒரே வித்தியாசம், எங்கள் சாலில் பக்கத்து வீட்டுச் சண்டை அட்சரம் பிசகாமல் கேட்கும். இங்கே எதுவும் கேட்காது. எல்லாக் கதவுக்கும் சாவி என்னிடம் மட்டும் இருக்கிறது. யாராவது கடவுச்சொல்லை மறந்துவிட்டாலோ, சான்றிதழ் வரவில்லை என்றாலோ நான்தான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதிலேயே நாள் போய்விடுகிறது. முலுண்டில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டிக்கு மேம்பாலம் ஏறி, செம்பூரில் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதியை மறந்துபோன கடவுச்சொற்கள் எடுத்துக்கொள்ளும்.

குரல் விஷயம் தற்செயலாக நடந்தது. துப்புரவுப் பாடங்கள் இந்தியிலும் மராத்தியிலும் இருந்தன. மருத்துவமனைகளில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தமிழிலும் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள், தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காசு கொடுத்துக் குரல் கலைஞரை வைக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்வை சொட்டச் சொட்ட நான் படித்தேன். சாத்தியும் பயனில்லை. மூன்றாம் பாடத்தில் எதிர்க் கட்டடத்துக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்கும். திரும்பப் பதிவு செய்ய யாருக்கும் தெம்பில்லாததால் அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தப் பாடம் அக்காவுக்கே போய்ச் சேரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. துப்புரவுக்கு அவர்கள் நேரடியாக ஆள் வைப்பதில்லை, காண்ட்ராக்ட் விடுகிறார்கள். காண்ட்ராக்டர்கள் எல்லாரும் எங்கள் மென்பொருளில்தான் பயிற்சி நடத்த வேண்டும் என்பது மருத்துவமனையின் நிபந்தனை. வருடம் முடியும்போது காண்ட்ராக்ட் ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகும். சில வருடம் கழித்து முதல் கம்பெனிக்கே திரும்பி வரும். கம்பெனி மாறும், வேலை செய்யும் பெண்கள் மாற மாட்டார்கள். அதே வார்டு, அதே வாளி. கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடா மட்டும் நிறம் மாறும். அக்காவின் வீட்டில் அந்தப் பழைய நாடாக்கள்தான் சமையலறைத் திரைக்குக் கயிறு, தண்ணீர் டிரம்மின் மூடிக்குக் கட்டு, கேஸ் குழாய் ஆடாமல் இருக்க முடிச்சு. சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று எல்லா நிறமும் இருக்கின்றன.

கம்பெனி மாறும் நாளன்று வாசலில் புதுக் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் நிற்பான். போட்டோ எடுப்பான், கைரேகை வாங்குவான், ஒவ்வொருத்தியிடமும் ஒரே பாட்டைப் பாடுவான். "சப் லோக் நயா. புரானா கோயி நஹி. சமஜ் கயா?" எல்லாரும் புது ஆள்தான், பழைய ஆள் என்று ஒருத்தியும் கிடையாது. பழைய ஆள் என்று ஒப்புக்கொண்டால் இத்தனை வருட வேலைக்கு உரிய சலுகைகளையெல்லாம் யாராவது ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கும். அதைத் தட்டிக் கழிப்பதற்குத்தான் இந்தக் கூத்து என்பது அங்கே கக்கூஸ் கழுவும் பெண்ணிலிருந்து கணக்கு எழுதும் ஆள் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே எல்லாரும் தலையாட்டுவார்கள். அன்றைக்குப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "புதுப்பொண்ணு" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். "புதுப்பொண்ணு, வெக்கப்படாம வாளிய எடு" என்பார்கள். யாராவது வடாபாவ் வாங்கி வருவார்கள். அக்கா இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பொய்யைப் பதிவு செய்துகொள்வது எங்கள் மென்பொருள். பயிற்சி தொடங்கும்முன் ஒரு கேள்வி வரும்: இதற்கு முன் இந்த வேலையைச் செய்திருக்கிறீர்களா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், தவறான தகவல் அளித்தால் பணியிலிருந்து நீக்கப்படலாம் என்று ஒரு வரி. கேள்வியும் வரியும் மூலத்திலேயே இருந்தவை, தமிழாக்கியது நான். இல்லை என்று அமுக்கினால்தான் வேலை, இல்லை என்பது பொய், பொய் சொன்னால் வேலை போகும். இந்த அழகை அப்போது நான் கவனிக்கவில்லை. எழுத்து பொத்தானுக்குள் அடங்குகிறதா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

போன வருடம் மழை முடிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வரச் சொல்லியிருந்தாள். நான் போனபோது தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் முன்னால் நீட்டியிருந்தாள். முன்பெல்லாம் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள். கட்டிலுக்கு அடியில் துடைக்கக் குந்தி எழுந்து, குந்தி எழுந்து மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குந்தக் கூடாது, படி ஏறக் கூடாது என்றும் சொன்னார். இரண்டையும் விட்டுவிட்டால் அவளுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"ஏல, அந்தச் சாதர் ஸ்டோர்ல இருக்காள்லா, அவ வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறா" என்றாள். சாதர் ஸ்டோர் என்பது படுக்கை விரிப்புகள் வைத்திருக்கும் அறை. வார்டுகளுக்கு விரிப்பும் துணியும் எண்ணிக் கொடுத்து, அழுக்கை எண்ணி வாங்கும் வேலை. முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று போட்டிருக்கும். துப்புரவுப் பெண்களுக்கு அந்த மருத்துவமனையில் உட்கார்ந்து செய்யும் வேலை அது ஒன்றுதான்.

"ஒனக்குத் தருவாவளா?"

"முந்தில்லாம் காண்ட்ராக்டரு அவனுக்கு வேண்டியவளுக்குக் குடுப்பான். அதுல சண்ட வந்துட்டு. இப்பம் ஆஸ்பத்திரில டிரெய்னிங் பாக்குத மேடம் சொல்லிட்டாவ, விடாம மூணு வருசம் டிரெய்னிங் முடிச்சவளுக்குத்தான் சேரு. அதுவும் காயிதத்துல கொண்டாந்தா செல்லாதாம், கம்ப்யூட்டர்ல தெரியணுமாம். நான் எத்தன தடவ முடிச்சிருக்கேன்னு ஒனக்குத் தெரியும்லா? ஒன் கம்ப்யூட்டர்லதான எல்லாம் கெடக்கு. எடுத்துக் குடுத்துரு."

"அப்படி எடுக்க முடியாதுக்கா. ஒவ்வொரு கம்பெனிக்கும் நடுவுல சுவரு இருக்கு. இந்தக் கம்பெனில நீ இந்த வருசம் சேந்த ஆளு. போன வருசத்துக் கம்பெனில உள்ளது இங்க தெரியாது."

"சுவரு கெட்டுனது யாரு?"

"நாங்கதான்."

"அப்பம் அதுல ஒரு வாசல் வையி" என்று சொல்லிவிட்டு அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து அவளைத் தேடினேன். எல்லாக் கதவையும் திறக்க முடிகிறவன் கண்ணுக்குத்தான் அவள் முழுசாகத் தெரிவாள். ஒரு கம்பெனியில் ஒரு எண், அடுத்ததில் இன்னொரு எண், போட்டோவில் வருடத்துக்கு வருடம் ஏறும் வெள்ளை முடி. ஒவ்வொரு முறையும் எல்லாப் பாடமும் முடித்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். மூன்று வருடம் கேட்டார்கள், அதற்கு மேலேயே இருந்தது. நடப்புக் கம்பெனியில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், வேலை முடிந்துவிடும். அதைச் செய்ய எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் அப்படி ஒரு வரியை ஒருத்திக்காக நுழைத்தால் அப்புறம் அங்கே இருக்கும் எந்த வரிக்கும் மதிப்பில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

அவருடையது மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். கெட்டவர் இல்லை. என்னைப் போலவே களைத்துப்போனவர், சம்பளத் தேதி நெருங்கினால் இன்னும் களைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"நீ சொல்றது வாஸ்தவம்தான். எனக்குப் புரியறது. ஆனா நம்மகிட்ட வரவா எல்லாரும் முதல்ல என்ன கேக்கறா? என் டேட்டாவை அடுத்தவன் பாப்பானான்னுதானே? பின்பக்கமா போய் ஒரு எழுத்தைக்கூட மாத்தப்படாது. வேணும்னா ஒழுங்கா ஒரு ஃபீச்சரா பண்ணிடு. வேலை செய்யறவளே தன்னோட ரிக்கார்டைக் கேக்கட்டும், பழைய கம்பெனி சரின்னு சொல்லட்டும், புதுக் கம்பெனிக்குப் போகட்டும். அதுல யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆபீஸ் டயத்துல மட்டும் வேண்டாம்ப்பா."

ஆபீஸ் டயத்தில் செய்யவில்லை. காலை ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே யோசித்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் முலுண்ட் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். குழந்தைகளை வெளியே கூட்டிப்போவதாகச் சொன்னதெல்லாம் தள்ளிப்போயிற்று. மனைவி இரண்டு வாரம் பொறுத்தாள், மூன்றாம் வாரம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மென்பொருளை எழுதும் அந்த முகம் தெரியாதவர்களின் பொது மன்றத்தில் இப்படி ஒரு வசதி வேண்டும் என்று போட்டேன். நல்ல யோசனை, எழுதி அனுப்புங்கள் என்றார் ஒருவர். எழுதி அனுப்பினேன். அங்கே குறை, இங்கே குறை என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். திருத்தினேன். பழைய பயிற்சி விவரங்களில் எதையும் மறைக்க முடியாது, எதையும் சேர்க்க முடியாது, முழுமையானது என்று முத்திரை குத்தித்தான் போகும். கடைசிப் பொத்தானை அமுக்க வேண்டியவர் அந்தத் தொழிலாளியேதான், அவர் சம்மதிக்காமல் ஒரு எழுத்தும் நகராது. இதையெல்லாம் நான்தான் யோசித்து வைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள், எங்கள் சர்வரில் உடனே ஏற்றிவிட்டேன். கல்லூரியில் தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

பழைய காண்ட்ராக்டர்களின் சம்மதம்தான் பெரிய மலையாக இருக்கும் என்று நினைத்தேன். சுனாபட்டியில் அவர்களில் ஒருவரின் ஆபீசுக்கு நேரிலேயே போனேன். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெண் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் மவுஸைப் பிடித்து, படித்துக்கூடப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டு, "ஹோ கயா", முடிந்தது, என்றாள். மற்ற கம்பெனிக்காரர்கள் மெயிலைப் பார்த்ததுமே அமுக்கிவிட்டார்கள். சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு போனவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அங்கிருந்து கிங்ஸ் சர்க்கிள் போனேன். வீட்டுக்குக் காப்பித்தூள் வாங்க வேண்டியிருந்தது. வாங்கிவிட்டு ஓட்டலில் ஒரு காப்பி சொல்லி, போனில் அக்காவின் பதிவைத் திறந்தேன். எல்லா வருடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே ஆளாக, முதல்முறையாகச் சேர்ந்து நின்றது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிய ஆளாக இல்லாமல் படிக்கிற ஆளாக அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வருடத்தின் தலைப்பிலும் ஒரு வரி இருந்தது. முன் அனுபவம்: இல்லை. அதற்கு அடுத்த வருடம், முன் அனுபவம்: இல்லை. அதற்கும் அடுத்த வருடம் அதேதான். இந்த வருடம், நடப்புக் கம்பெனியில், டிரெய்னிங் மேடம் தினம் திறந்து பார்க்கும் பக்கத்திலும் அதேதான்.

காப்பி ஆறிப்போயிற்று. இதை அனுப்பினால் அக்கா பல வருடம் வேலை பார்த்தவள் என்பது நிரூபணமாகும். அதே நொடியில் அவள் வருடா வருடம் பொய்த் தகவல் கொடுத்தவள் என்பதும் நிரூபணமாகும். நாற்காலிக்கு ஆதாரமும் வேலையைவிட்டு நீக்க ஆதாரமும் ஒரே தாளில். அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றால் மறைக்க முடியாதபடி செய்தவனே நான்தான். எடுத்தாலும் பயனில்லை, இந்த வருடத்து 'இல்லை' ஏற்கெனவே அவர்கள் கண் முன்னால் இருக்கிறது. பழைய பதிவு எந்த உருவத்தில் வந்தாலும் அந்த 'இல்லை'யைப் பொய்யாக்கிவிடும். அத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தவனுக்கு, தெரிந்தே இருந்த இந்த ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

அன்றைக்கே தாராவிக்குப் போனேன். அக்கா டியூட்டி முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இத நீ மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

"எனக்கே இன்னைக்குத்தான் ஒறச்சுது."

"பொய் சொல்லுன்னவன் ஏசி ரூம்ல இருக்கான். கேள்வி கேக்கது மட்டும் எங்கிட்டயா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு அந்தச் சேரு வேணும்ல. ரொம்ப வேணும். கால மடக்குனா நீட்ட முடியல, நீட்டுனா மடக்க முடியல. கட்டிலுக்கு அடில போயிட்டு எந்திரிக்கதுக்கு அடுத்தவ கையப் புடிக்கேன். ஒரு நாளு அவ இல்லன்னா அப்படியே கெடக்க வேண்டியதுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் போனை நீட்டச் சொல்லி அந்தப் பதிவைப் பார்த்தாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "இந்தச் சேல கிழிஞ்சே போச்சு" என்றாள். பிறகு, "இத அனுப்புனா எனக்கு மட்டுந்தான் கேள்வியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஒன்னோடது பாத்தா மத்தவங்களோடதையும் கேப்பாவ. எல்லாரும் அப்படித்தான அமுக்கிருக்காவ."

"எங்கூட வாளி தூக்குதவளுக்குப் புருசன் இல்ல. மூணு பிள்ள" என்றாள். பக்கத்து வார்டில் வேலை பார்க்கும், அவளைக் கைபிடித்துத் தூக்கிவிடும் பெண்ணைத்தான் சொன்னாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யூனியனில் சொல்லலாம், வக்கீலைப் பார்க்கலாம், இந்தப் பதிவு இருந்தால் கேஸே போடலாம், இத்தனை வருட உரிமையும் வாங்கலாம் என்று படபடவென்று பேசினேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"போடலாம்ல. போட்டுட்டு மறுநாளு எங்க டியூட்டிக்குப் போவேன்? ஒன் வீட்டுக்கா?"

என் வீட்டுக்கு வா என்று நான் உடனே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டாள். அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "சவத்த விடு. அனுப்பாத" என்றாள். நீயேதான் அமுக்க வேண்டும் என்று சொன்னேன், அப்படித்தானே நான் கட்டி வைத்திருந்தேன். வேண்டாம் என்பதை அமுக்கினாள். உறுதியாகவா என்று கேட்டது. "இது ஒண்ணு, நொய்யி நொய்யின்னு" என்று சொல்லி மறுபடியும் அமுக்கினாள். பிறகு எனக்குத் தோசை ஊற்ற எழுந்தாள். எழுவதற்குச் சுவரையும் டிரம்மையும் பிடித்துக்கொண்டாள்.

நாற்காலி கல்யாணிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குப் போயிற்று. வேறொரு மருத்துவமனையில் நேரடி வேலையில் இருந்தவள். அங்கேயும் எங்கள் மென்பொருள்தான், மூன்று வருடப் பதிவும் நான் வைத்த வாசல் வழியாகவே சுத்தமாக வந்து சேர்ந்தது, ஆம் என்று அமுக்கியே உள்ளே வந்தவள். நல்ல பெண் என்றுதான் அக்கா சொல்கிறாள். அக்கா போனால் நிற்க வைக்காமல் முதலில் துணியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாளாம்.

நான் எழுதிய வசதி மென்பொருளின் அடுத்த பதிப்பிலேயே வந்துவிட்டது. எந்த நாடோ, ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் மன்றத்தில் நன்றி எழுதியிருந்தார். கம்பெனி மாறினாலும் எங்கள் ஆட்களின் பயிற்சி இப்போது கூடவே வருகிறது, இதைச் செய்தவருக்கு எங்கள் பட்டறையே கடமைப்பட்டிருக்கிறது என்று. நாலைந்து முறை படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பதிலுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் எழுதவில்லை.

இந்த வருடமும் காண்ட்ராக்ட் மாறியது. நாடா இப்போது பச்சை. அந்த வாரம் தாராவிக்குப் போனபோது அக்கா காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு முட்டியிலும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்த வாடை. போன் பக்கத்தில் கிடந்தது.

"நல்ல நேரத்துல வந்த. இன்னைக்குள்ள முடிக்கணும்னு மெசேஜ் போட்டுட்டான். எங் கையெல்லாம் தைலம், நீயே அமுக்கிரு."

போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துப் போட்டோ எடுத்தேன். தலையைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மொழி தமிழ். பெயர், எண். அடுத்து அந்தக் கேள்வி வந்தது. இதற்கு முன் இந்த வேலையைச் செய்திருக்கிறீர்களா? நான் அவளைப் பார்த்தேன். அவள் முட்டியைப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தித் தேய்க்கும்போது உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"என்னல யோசிக்க? இல்லன்னு அமுக்கு. ஆம்னு கீம்னு அமுக்கித் தொலச்சிராத."

அமுக்கினேன். நன்றி, இந்தப் பணிக்குப் புதியவரான உங்களை வரவேற்கிறோம் என்று வந்தது. பிறகு என் குரல் ஆரம்பித்தது. வணக்கம், வேலையைத் தொடங்கும் முன் வாளியை எப்படித் தூக்குவது என்று பார்ப்போம், முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பம்லாம் ஒனக்கு எவ்வளவு தெம்பு இருந்திருக்கு பாரு" என்றாள்.

மூன்றாம் பாடத்தில் குக்கர் விசில் அடித்தபோது வழக்கம்போல அவள் லேசாகச் சிரித்தாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓடும் என்பதால், முடிகிற வரைக்கும் நான் போனை அவள் முன்னால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.